ஈர மணலும் உலர்ந்த மணலும்

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தேன். மெரினாவுக்கு அல்ல, அங்கே கூட்டம். சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், பேர் சொல்ல விரும்பாத ஓர் உல்லாச விடுதிக்குப் பின்பக்கம். விடுதிக்குள் நாங்கள் போகவில்லை. கதை எழுதுகிறவனுக்கு அந்த வாசற்படி ஏறும் வசதி ஏது? பக்கத்து மீனவர் குப்பத்துச் சந்து வழியாக இறங்கி, மணலில் ஜமக்காளத்தை விரித்தோம். என் மனைவி தூக்கைத் திறந்து புளியோதரையை இலையில் வைக்கிற சமயம் பார்த்து, நீலச் சட்டை போட்ட காவல்காரர் ஒருவர் வந்து நின்றார்.

"ஸார், இங்கே உட்காரக் கூடாது. விடுதியிலே தங்கறவங்களுக்கு மட்டும்தான்."

"கடல்கூடவா?" என்று கேட்டேன்.

அவர் நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்தார். "கடல்லே நிக்கலாம் ஸார். அந்த ஈர மணல்லேகூட நிக்கலாம். இந்தக் காய்ஞ்ச மணல்லேதான் உட்காரக் கூடாது" என்றார்.

என் பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அந்த மனிதர் சொன்ன அதே பேச்சை வைத்துக்கொண்டு, அமெரிக்காவில் ஒரு ராஜ்யம் மூன்று வருஷம் மல்லுக்கு நின்ற கதையை அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் படித்திருந்தேன். ஈர மணல் ஊருக்குச் சொந்தம், உலர்ந்த மணல் ஒருவருக்குச் சொந்தம் என்றால் என்ன செய்வது? அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியாவுக்கு வடக்கே, ஓரிகன் என்று ஒரு ராஜ்யம். கொலம்பியா நதி கடலில் விழுகிற இடத்திலிருந்து கலிபோர்னியா எல்லை வரையில் சுமார் 360 மைல் கடற்கரை. நம் கடற்கரை மாதிரி அங்கே வெயில் கொளுத்தாது. பனி மூட்டம், குளிர் காற்று, தண்ணீரிலிருந்து நிமிர்ந்து நிற்கும் கரும்பாறைகள். குளிக்கக்கூட முடியாத கடல். இருந்தாலும் அந்த ஊர் ஜனங்களுக்கு அந்தக் கரை மேல் ஒரு பிராணன்.

1911ஆம் வருஷம் அங்கே ஆஸ்வால்ட் வெஸ்ட் என்பவர் கவர்னரானார். அமெரிக்காவில் ராஜ்யத்துக் கவர்னர் என்றால் நம்மூர் முதல் மந்திரி மாதிரி. ஜனங்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைப்பவர். வெஸ்ட் அதற்கு முன்னால் ராஜ்யத்தின் நிலங்களைக் கவனிக்கிற உத்தியோகத்தில் இருந்தவர். பொது நிலத்தைப் பெரிய மனிதர்கள் எப்படி விழுங்குவார்கள், ஏப்பம் எப்படி விடுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கடலோரத்திலும் அந்த விழுங்கல் தொடங்கியிருந்தது. அலை ஏறி இறங்குகிற நிலத்தைக்கூட ராஜ்யம் அங்கங்கே தனியாருக்கு விற்றிருந்தது.

இவர் சாமானிய ஆள் இல்லை. காப்பர்ஃபீல்டு என்ற ஊரில் சாராயக் கடைகளின் அட்டகாசம் தாங்காமல் போனபோது, 1914ஆம் வருஷம், ஃபெர்ன் ஹாப்ஸ் என்ற தம்முடைய பெண் காரியதரிசியை, சின்ன உருவம், அனுப்பி ராணுவச் சட்டம் பிரகடனம் செய்ய வைத்தவர். அது தனி நாவல். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

கடற்கரையைக் காப்பாற்ற வேண்டும் என்று சட்டசபையில் போய்ச் சொன்னால் என்ன நடக்கும்? கரையோர நிலச் சுவான்தார்கள் எழுந்து நிற்பார்கள். நஷ்ட ஈடு எவ்வளவு என்று கேட்பார்கள். விசாரணைக் குழு போடுவார்கள். வெஸ்ட் அப்படிச் சொல்லவில்லை. 66 வார்த்தைகளில் ஒரு குட்டி மசோதா எழுதினார். அதில் அழகு, இயற்கை, வருங்காலச் சந்ததி என்ற பேச்செல்லாம் இல்லை. கடற்கரை ஒரு பொதுச் சாலை என்று இருந்தது. அவ்வளவுதான்! தண்ணீர் வடிந்து தாழும் எல்லையிலிருந்து சாதாரணமாக ஏறும் எல்லை வரையில், ராஜ்யத்தின் வடக்குக் கோடி முதல் தெற்குக் கோடி வரை, கடலோரம் முழுவதும் ராஜபாட்டை!

இது வெறும் புரட்டும் இல்லை. மலைகள் கடலுக்குள் இறங்குகிற அந்தப் பிரதேசத்தில் ஒழுங்கான ரோடு கிடையாது. அலை உள்வாங்குகிற நேரம் பார்த்துக் குதிரை வண்டிகள் ஈர மணலில்தான் ஓடிக்கொண்டிருந்தன. வரி கொடுப்பவனுக்குக் காலணாச் செலவில்லாமல் இத்தனை மைல் ரோடு கிடைக்கிறதே என்று சட்டசபை மகிழ்ந்துபோய், 1913ஆம் வருஷம் மசோதாவை நிறைவேற்றிவிட்டது. தூண்டிலை அங்கத்தினர்கள் அப்படியே விழுங்கிவிட்டார்கள் என்ற பொருளில் வெஸ்ட் பிற்பாடு வேடிக்கையாக எழுதியிருக்கிறார். எழுத்தாளன் என்ற முறையில் எனக்கு அந்த மனிதரிடம் பொறாமை. ஒரு சொல்லை மாற்றிப் போட்டு ஒரு கடற்கரையை மீட்டவர் வேறு யார் இருக்கிறார்கள்?

ஆனால் அந்த 66 வார்த்தைகளில் ஓர் ஓட்டை இருந்தது. வண்டி ஓடுகிற கெட்டியான ஈர மணல் ஜனங்களுக்கு வந்துவிட்டது. அதற்கு மேலே, அலை தொடாத உலர்ந்த மணல், புல் முளைக்கத் தொடங்கும் இடம் வரையில், பத்திரப்படி பக்கத்து நிலக்காரர்களிடமே நின்றுவிட்டது. ஜமக்காளம் விரிப்பது அங்கே. குழந்தைகள் வீடு கட்டுவது அங்கே. கிழவர்கள் முதுகைச் சாய்ப்பது அங்கே. அரை நூற்றாண்டுக் காலம் இந்த விஷயம் யாருக்கும் உறைக்கவில்லை. எல்லாம் நம்முடையது என்று ஜனங்கள் நினைத்தார்கள். நிலக்காரர்களும் வாயைத் திறக்கவில்லை. வெஸ்ட் 1960இல் காலமானார். தாம் வைத்துவிட்டுப் போன ஓட்டைக்குள் ஒருவர் கை விட்டதை அவர் பார்க்கவில்லை.

1966ஆம் வருஷம் கோடைக் காலம். ஊர் பெயர் கேனன் பீச். வெஸ்ட் தமக்கென்று ஒரு மர வீடு கட்டிக்கொண்ட அதே ஊர். அங்கே வில்லியம் ஹே என்பவருக்கு ஒரு விடுதி. விடுதிக்கு எதிரே இருந்த உலர்ந்த மணலில், கடல் ஒதுக்கிய மரக்கட்டைகளை வரிசையாகப் போட்டு வேலி மாதிரி அடைத்தார். உள்ளே விடுதியில் தங்குகிறவர்கள் மட்டும் உட்காரலாம்; மற்றவர்கள் நகர வேண்டியதுதான்.

விடுதிக்காரரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். பத்திரம் அவர் கையில் இருந்தது. அதில் எல்லை தெளிவாக இருந்தது. காசு கொடுத்து வாங்கிய நிலத்தில் கட்டை போட்டார். நானே ஐந்து சென்ட் மனை வாங்கினவுடன் செய்த முதல் காரியம் முள்வேலி போட்டதுதான். ஆகையால் அவர் மேல் கல்லெறிய எனக்கு யோக்கியதை இல்லை.

நகரச் சொன்ன ஜனங்களில் சிலர் வீட்டுக்குப் போய், சும்மா இராமல், சர்க்காருக்குப் புகார் எழுதினார்கள். கடற்கரை 'சாலை' அல்லவா? உத்தியோகஸ்தர்கள் பழைய சட்டத்தைத் தூசி தட்டிப் பார்த்தார்கள். பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு விடுதிக்காரர் செய்ததை நாளைக்கு ஒவ்வொருவரும் செய்தால் கடற்கரை என்பது நடந்து போகிற ஈரப் பட்டை மட்டுமாக மிஞ்சும். அலை ஏறினால் அதுவும் இல்லை.

1967இல் சட்டசபை கூடியபோது ஒரு மசோதா வந்தது. நம்பர் 1601. புல் முளைக்கும் கோடு வரையில் உலர்ந்த மணலையும் ஜனங்கள் அனுபவிக்கிற உரிமை உண்டு என்று சொன்ன மசோதா. அது நெடுஞ்சாலைக் குழுவுக்குப் போய், அங்கே சுகமாகப் படுத்துத் தூங்கிவிட்டது. குழுத் தலைவர் சிட்னி பாஸெட் அதை எழுப்பப் பார்த்தார். சக அங்கத்தினர்கள் தாலாட்டுப் பாடினார்கள். சொத்துரிமை போய்விடும் என்று கடலோர நிலக்காரர்கள் ஒரு பக்கம் கூச்சல். ஜனங்களுக்கோ விஷயமே தெரியாது. 1601 என்ற எண்ணைக் கேட்டு யாருடைய ரத்தம் கொதிக்கும்?

அப்போது சட்டசபை நிருபர் ஒருவர் ஒரு காரியம் செய்தார். அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி ஸ்தாபனத்தைச் சேர்ந்தவர். பெயர் மாட் கிரேமர். 1601ஐத் தூக்கி எறிந்துவிட்டு, தம் செய்திகளில் 'கடற்கரை மசோதா' என்று எழுத ஆரம்பித்தார். குழுவில் இன்று என்ன நடந்தது, யார் என்ன சொன்னார், மசோதா போனால் எந்த மணல் போகும் என்று எளிய பாஷையில் விடாமல் எழுதினார். கோபாவேசம் கிடையாது. வாரா வாரம், சின்னச் சின்னச் செய்தி. போர்ட்லண்டு நகரத்து டெலிவிஷன் நிலையம் ஒன்றும் சேர்ந்துகொண்டு, சட்டசபைக்கு எழுதுங்கள் என்று ஜனங்களைத் தூண்டியது. சேலம் என்ற அவர்கள் தலைநகரத்துக்கு (ஆம், அவர்களுக்கும் ஒரு சேலம் உண்டு, மாம்பழம்தான் கிடையாது) கடிதங்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. தூங்கின மசோதா எழுந்து உட்கார்ந்தது.

அந்த வருஷம்தான் கவர்னராகப் பதவியேற்றிருந்தார் டாம் மக்கால். வெஸ்ட் சட்டம் பிறந்த அதே 1913இல் பிறந்தவர். ஆறரை அடிக்குச் சற்றுக் குறைந்த உயரம். பத்திரிகை, ரேடியோ, டெலிவிஷன் என்று செய்தித் தொழிலிலேயே ஊறியவர். வில்லமெட் நதியில் கலக்கும் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் 1962இல் ஒரு படமாக எடுத்து ஊரைப் பதற வைத்தவர். தேர்தலில் அவர் தோற்கடித்த பாப் ஸ்ட்ராபும் கடற்கரை விஷயத்தில் அவர் பக்கமே. எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஒரு மணலுக்காக ஒன்றாக நின்றார்கள் என்பதை நம்மூர் வாசகர்கள் இன்னொரு தரம் படித்துக்கொள்ளலாம்.

மே மாதம் 13ஆம் தேதி மக்கால் செய்த காரியத்தைச் சினிமாவில் வைத்தால் மிகை என்பார்கள். நிருபர்கள் பார்த்திருக்க, ஹெலிகாப்டரில் வந்து கேனன் பீச் மணலில் இறங்கினார். கூடவே கடல் விஞ்ஞானிகள், நில அளவைக்காரர்கள். மணலில் முளைகளை அடித்தார்கள். அலை சாதாரணமாக வருவது இதுவரை. ஜனங்களுக்கு இதுவரைதான் என்று எதிர்க்கட்சிக்காரர் சொல்லும் கோடு இது. புல் முளைப்பது அதோ, கடல் மட்டத்துக்கு 16 அடி உயரத்தில். இரண்டு முளைகளுக்கு நடுவில் மரக்கட்டை வேலி. மறுநாள் பத்திரிகையில் அந்தப் படத்தைப் பார்த்தவனுக்குச் சட்ட ஞானம் தேவைப்படவில்லை. எந்த மணலைப் பறிகொடுக்கப் போகிறோம் என்று கண்ணுக்குத் தெரிந்துவிட்டது.

ஜூலை 6ஆம் தேதி மக்கால் மசோதாவில் கையெழுத்துப் போட்டார். நிலத்தை யாரிடமிருந்தும் சட்டம் பிடுங்கவில்லை. பத்திரம் அவரவர் பெட்டியிலேயே இருக்கட்டும். புல் கோடு வரையில் ஜனங்கள் வரலாம், உட்காரலாம், விளையாடலாம். சர்க்கார் அனுமதி இல்லாமல் வேலியோ கட்டடமோ கூடாது.

விஷயம் கோர்ட்டுக்குப் போகாமல் இருக்குமா? போயிற்று. 1969இல் ஓரிகன் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி குட்வின் எழுதிய தீர்ப்பு. அவர் பத்திரங்களைப் புரட்டி உட்காரவில்லை. இங்கிலாந்தின் பழைய சட்டத்திலிருந்து 'வழக்கம்' என்ற ஒரே சொல்லைத் தேடி எடுத்தார். வெள்ளைக்காரர்கள் அந்தக் கரையில் குடியேறின நாள் முதல் அந்த மணலில் ஜனங்கள் சமைத்திருக்கிறார்கள், படுத்திருக்கிறார்கள், விளையாடியிருக்கிறார்கள். அவர்களுக்கு முன் அங்கே வாழ்ந்த பழங்குடிகளும் அப்படியே. இடைவிடாமல், தகராறு இல்லாமல், நியாயமான முறையில் ஊரார் செய்துவந்த காரியம் உரிமையாகிவிடுகிறது. ஆகவே ஹே வேலி போடக் கூடாது.

இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது ஒரு சங்கடம் வந்தது. கோர்ட்டு சொன்ன அந்த 'வழக்கம்' என்பதற்கு நம்மூர்ப் பழைய பத்திரங்களில் கச்சிதமான வார்த்தை ஒன்று உண்டு: மாமூல். மாமூல் வழி, மாமூல் தடம், மாமூல் வாய்க்கால். காலங்காலமாக நடந்த வழியில் நடக்கலாம், பாய்ந்த வாய்க்காலில் பாய்ச்சலாம் என்று அர்த்தம். இன்றைக்கு மாமூல் என்றால் மேஜைக்கு அடியில் கொடுப்பது. இன்னொரு வார்த்தை புறம்போக்கு. வரி விதிப்புக்குப் புறத்தே விட்டு, மேய்ச்சலுக்கும் ஏரிக்கும் களத்துக்கும் சுடுகாட்டுக்கும் என்று ஊருக்கு ஒதுக்கிய நிலம். இன்று தெருச் சண்டையில் ஒருவரையொருவர் திட்டிக்கொள்ள உதவுகிறது. பொதுச் சொத்தைக் குறிக்கிற இரண்டு நல்ல சொற்கள் நம்மிடம் இருந்தன. ஒன்றை லஞ்சத்துக்குக் கொடுத்தோம், மற்றதை வசவுக்குக் கொடுத்தோம்.

ஓரிகன்காரர்கள் எல்லாவற்றிலும் ஜயித்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1968இல், கடற்கரை நிலங்களைச் சர்க்காரே விலைக்கு வாங்குவதற்குப் பணம் திரட்டும் யோசனை ஜனங்களின் ஓட்டுக்கு வந்தது. பெட்ரோலுக்கு ஒரு ஸென்ட் வரி. ஸ்ட்ராப் முன்னின்றார். எண்ணெய்க் கம்பெனிகள் எதிர்த்தன. கடிதம் எழுதின அதே ஜனங்கள் அதைத் தோற்கடித்தார்கள். கடிதத்துக்குத் தபால் தலை செலவு மட்டும்தானே!

ஆனால் ஒரு தரம் சட்டசபையின் கதவைத் தட்டித் திறந்தவர்களுக்கு ருசி கண்டுவிட்டது. மரம் வெட்டும் யந்திரங்கள் விற்கிற ரிச்சர்டு சேம்பர்ஸ் என்பவருக்குக் கடலோரத்தில் ஒரு சிறு வீடு. நடக்கப் போகும்போதெல்லாம் மணலில் காலி பாட்டில், காலி டப்பா. பொறுக்கிப் பொறுக்கி அலுத்து, 1968இல் தம் பிரதேசத்துச் சட்டசபை அங்கத்தினர் பால் ஹானிமனைப் பிடித்துக்கொண்டார். பாட்டிலுக்கு முன்பணம் வாங்கு. காலியைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடு. இதுதான் யோசனை. பாட்டில் கம்பெனி, டப்பா கம்பெனி எல்லாம் படையெடுத்து வந்தன. 1969இல் மசோதா தோற்றது. சேம்பர்ஸ் மேடை ஏறாமல் கடிதங்களாக எழுதித் தள்ளினார். 1971இல் நிறைவேறி, 1972ஆம் வருஷம் அக்டோபர் முதல் தேதி அமலுக்கு வந்தது. அமெரிக்காவிலேயே முதல் சட்டம். பாட்டிலுக்கு 5 ஸென்ட். கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போய்த் தோற்றன. 2017 முதல் அது 10 ஸென்ட்.

என் சிறு வயதில் எங்கள் தெரு முனைக் கடையில் கலர் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டுமானால் கடைக்காரர் காசை மேலே வாங்கி வைத்துக்கொள்வார். அது சட்டமில்லை, சந்தேகம். நீலகிரியில் 2022இல், சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில், டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் மேலே வாங்கி, காலியைக் கொடுத்தால் திருப்பித் தருகிற ஏற்பாடு வந்தது. காட்டில் எறிந்த பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது என்பது காரணம். ஊட்டிக்குப் போன என் நண்பர் ஒருவர், துணிப் பையில் நாலு காலி பாட்டிலை மறைத்துக்கொண்டு வரிசையில் நின்றபோது, முன்னால் நின்றவர் தம்முடைய பழைய மாணவன் என்று கண்டு அந்த 40 ரூபாயைத் தியாகம் செய்துவிட்டாராம். பாட்டிலை மட்டும் கடை வாசலில் பத்திரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

இனி என் கடற்கரைக்கு வருகிறேன். அன்று நாங்கள் ஜமக்காளத்தைச் சுருட்டிக்கொண்டு ஈர மணலில் நின்றபடியே புளியோதரை சாப்பிட்டோம். காவல்காரருக்கு மனம் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே வந்து பேச்சுக் கொடுத்தார். அந்தக் குப்பத்துக்காரர்தான். "எங்கப்பா இங்கேதான் ஸார் வலை காயவைப்பார். தாத்தா கட்டுமரம் ஏத்தினதும் இதே இடந்தான்" என்று, சற்று முன் எங்களை எழுப்பின இடத்தைக் காட்டினார்.

நம் தேசத்திலும் 1991 முதல் கடலோரத்துக்கு ஒழுங்குமுறை அறிவிக்கை இருக்கிறது; மத்திய சர்க்கார் போட்டது. அலை ஏறும் கோட்டிலிருந்து அளந்து, எங்கே எதைக் கட்டலாம், எதைக் கட்டக் கூடாது என்று சொல்கிறது. மணலில் ஜமக்காளம் விரித்தவனை எழுப்பலாமா என்ற கேள்விக்கு ஒரு நேரான வாக்கியத்தில் பதில் வேண்டும் என்று எனக்கு ஆசை. வீட்டுக்கு வந்து கலெக்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்த மணல் யாருடையது, கோடு எங்கே இருக்கிறது, எங்கள் சட்டசபை அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறதா, சொல்லவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று நாலு கேள்விகள்.

ஐந்தாவதாக, காவல்காரர் சொன்ன தாத்தா, அப்பா, வலை, கட்டுமரம் எல்லாவற்றையும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஓரிகன் நீதிபதி கேட்டால் துள்ளிக் குதித்திருப்பார். மூன்று தலைமுறை வழக்கம், கையில் வைத்த மாதிரி சாட்சி. கடிதத்தை உறையில் போடுகிற சமயத்தில் என் மனைவி வாங்கிப் படித்தாள்.

"நீலச் சட்டை போட்ட காவல்காரர்னு எழுதியிருக்கேளே, அந்த விடுதியில் அவர் ஒருத்தர்தானே இருந்தார்?" என்றாள்.

அந்தப் பத்தியை அடித்துவிட்டு, மற்ற நாலு கேள்விகளையும் வேறு தாளில் சுத்தமாக எழுதி, ரிஜிஸ்தர் தபாலில் போட்டேன். ஒப்புகைச் சீட்டு வந்திருக்கிறது.